ஆஃபென்சிவ் லைனுக்கு எப்படி மார்க் போடுறது, சொல்லுங்களேன்

மக்களே, அமெரிக்கன் ஃபுட்பால்ல மிச்சிகன் காலேஜ் டீம் 2021ல ஒஹாயோ ஸ்டேட்டை 42-27ன்னு அடிச்ச மேட்ச்சை திரும்பப் பாத்துட்டு இருக்கேன், ஓடியே 297 யார்டு, பந்தை எடுத்துட்டு ஓடுற ஹாஸ்கின்ஸ் 5 டச்டவுன், எல்லாரும் அவரைத்தான் பேசுறாங்க ஆனா முன்னாடி நின்னு எதிராளிகளைத் தள்ளி வழி திறந்துவிட்ட அஞ்சு பேருக்கு, அதான் ஆஃபென்சிவ் லைனுக்கு, ஸ்கோர்ஷீட்ல ஒரு நம்பர் கூட இல்லங்க. அந்த வருஷம் பெஸ்ட் ஆஃபென்சிவ் லைனுக்கான ஜோ மூர் அவார்டு இவங்களுக்குத்தான், அதுவும் மொத்த லைனுக்கும் சேர்த்து. சாக் (பந்தை எறியுறதுக்குள்ள குவார்ட்டர்பேக்கை மடக்கிடுறது) கணக்கை வச்சு சொல்லலாம்னா, பந்தை எறியுற அந்த குவார்ட்டர்பேக் பந்தை ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தாலும் சாக்தான். வீடியோவை நிறுத்தி நிறுத்தி லைன்ல பக்கத்துல பக்கத்துல நிக்குற கார்டு, டாக்கிள் ரெண்டு பேரோட காலை மட்டும் பாக்குறேன், ரெண்டு பேரும் சேர்ந்து ஒருத்தனைத் தள்ளிட்டு அதுல ஒருத்தர் கழண்டு, பின்னாடி நிக்குற டிஃபென்ஸ் ஆளான லைன்பேக்கர் மேல பாயுறது அவ்ளோ அழகு! ஆனா யார் யாரை பிளாக் பண்ணணும்னு பிளான் தெரியாம தப்பு யாருதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? விளையாடினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.