மறு: எம்.பி.ஏ. கையேட்டுக்கு இரண்டு சொற்கள் – நிலைத்தன்மையா, வளங்குன்றாமையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மேலாண்மைக் கல்லூரி ஒன்றின் எம்.பி.ஏ. கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நண்பர் சென்ற வாரம் நம் மடற்குழுவில் இரண்டு சொற்கள் கேட்டிருந்தார். ஒன்று சஸ்டெயினபிலிட்டி, வளங்களைத் தீர்த்துவிடாமல் ஒன்றைத் தொடர்ந்து நடத்தக்கூடிய தன்மை. மற்றொன்று குளோபல் இமெர்ஷன், அதாவது மாணவர்கள் வேறொரு நாட்டுக்குப் போய், அங்குள்ள தொழில்களுக்கு நடுவே ஒரு வாரமோ இரு வாரமோ இருந்து கற்றுவருவது. அதற்குள் பன்னிரண்டு மடல்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்துவிட்டே எழுதுகிறேன். முதற்சொல்லைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. மடல் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'நிலைத்தன்மை' புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக ஒரு சொல் எதற்கு?

புழங்கும் சொல்லைத் தொடக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் எம்.பி.ஏ. வகுப்பில் இந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு இருமுறை வெளியிடுவது நிதி நிலைத்தன்மை அறிக்கை. பொருளியல் ஆசிரியர் விலை நிலைத்தன்மை என்கிறார். இவையெல்லாம் ஸ்டெபிலிட்டி: ஆட்டம் காணாமல் இருப்பது. ஒரே மாணவன் காலையில் ஒரு பொருளிலும் மாலையில் வேறு பொருளிலும் அதே சொல்லைப் படித்தால், தேர்வுத்தாளில் இரண்டையும் குழப்பித்தான் எழுதுவான். குழப்பத்தை நான் நேரிலேயே பார்த்தும் இருக்கிறேன்.

கோவையில் இருபது ஆண்டுகள் மேலாண்மைப் பாடம் நடத்தியவன் நான். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து வந்திருந்த எம்.பி.ஏ. மாணவர்களைத் திருப்பூர்ச் சாயக்கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். நொய்யலின் கதையை வழியிலேயே சொல்லியிருந்தேன்: சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்தது, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத் தேக்கமாகி, அதில் நீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகள் போராடியது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அதன்பின் சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு அந்தத் தொழில் மாறியது.

நிலையத்தில் ஒரு மேசைமேல் நான்கு கண்ணாடிக் குடுவைகள் வைத்திருந்தார்கள். முதலாவதில் கருநீலம். அடுத்ததில் தேயிலைச் சாறு நிறம். மூன்றாவதில் லேசான மஞ்சள். நான்காவதில் தெளிந்த நீர். இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளர் ஒருவர் விளக்கினார். வடிசவ்வில் அழுத்தி நீரைப் பிரிப்பதையும், எஞ்சிய உப்புநீரைக் கொதிகலனின் நீராவியால் சுண்டவைத்து உப்பை மீட்பதையும், மீட்ட நீரும் உப்பும் பட்டறைக்கே திரும்பிப் போவதையும் நிதானமாகச் சொன்னார். ஒரு மாணவி அவரிடம், இது சஸ்டெயினபிளா என்று கேட்டாள். மொழிபெயர்க்க வேண்டியவன் நான். "இது நிலையானதா என்று கேட்கிறார்" என்றேன்.

அவர் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். "நிலையாகத்தான் நிற்கிறது சார். அடியில் கான்கிரீட் போட்டிருக்கிறோம்."

பிழை என்னுடையது. நான் கொடுத்த சொல்லுக்கு அவர் சரியான விடை சொன்னார். கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "இப்படியே பல வருடம் ஓட்டிக்கொண்டு போனால் எதுவும் குறைந்துகொண்டே போகுமா?" அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொதிகலனுக்கு அருகில் அடுக்கியிருந்த விறகைக் காட்டினார். "விறகு குறையும்." பிறகு தகரக் கொட்டகையைக் காட்டினார். உள்ளே, மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு சாக்குச் சாக்காக ஏறி நின்றது. "அது கூடும். அதற்குத்தான் போக்கிடம் இல்லை."

மாணவி குறிப்பேட்டில் நெடுநேரம் எழுதினாள். ஒரு முழுப் பருவம் நான் நடத்தும் பாடம் அந்த இரண்டு பதில்களுக்குள் இருந்தது. அவற்றை வெளியே கொண்டுவந்தது 'குறையுமா' என்ற சொல். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கலைச்சொல்லின் வேர் எங்கே இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எது குன்றுகிறது என்று கேட்கவைக்கும் சொல் நமக்கு வேண்டும். வளங்குன்றாமை என்பதை முன்மொழிகிறேன்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற தொடரைத் தமிழ்நாட்டில் பலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். அதிலிருந்து பெயர்ச்சொல்லைத் தனியே பிரித்து மேலாண்மைத் துறையின் தலைச்சொல்லாக நிறுத்துவோம் என்பதே நான் கேட்பது.

இந்தச் சொல்லே பொருந்தும் என்பதற்குச் சஸ்டெயினபிலிட்டி என்ற கருத்தின் பிறப்பும் சான்று. 1713-ல் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்ற சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஃபிரைபெர்க் பகுதி வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரத்தை வெட்டி வெட்டி அங்கே காடு கரைந்துகொண்டிருந்தது. எவ்வளவு மீண்டும் வளர்கிறதோ அவ்வளவே வெட்ட வேண்டும் என்றார் அவர். இன்று ஜெர்மானியர் சஸ்டெயினபிலிட்டிக்கு ஆளும் சொல் அந்த நூலின் வழியே வந்தது. ஒரு வேடிக்கையான பொருத்தம்: அந்த மாணவியும் திருப்பூரில் விறகைத்தான் பார்த்துவிட்டுப் போனாள். 1987-ல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாந்து ஆணையம், வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் நிகழ்காலத் தேவையை நிறைவு செய்வதே வளங்குன்றா வளர்ச்சி என்று வரையறுத்தபோதும் அடிப்படை மாறவில்லை. கையில் வந்த முதலைக் குறைக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

நம் பக்கம் பாருங்கள். வான்சிறப்பு அதிகாரத்தில், 'ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்கிறது குறள். வாரி என்றால் வருவாய். மழை என்னும் வருவாயின் வளம் குன்றினால் உழவர் ஏர் பூட்ட மாட்டார். இயற்கை வளம் குன்றினால் தொழில் நிற்கும் என்ற கணக்கு முழுதும் ஒன்றேமுக்கால் அடியில் இருக்கிறது, அதுவும் நாம் தேடும் அதே இரண்டு சொற்களோடு. இதைப் படித்த பிறகும் வேறு வேர் தேட எனக்கு மனம் வரவில்லை.

> 'பேண்தகு' என்று நாங்கள் பல காலமாக எழுதுகிறோம்.

எழுதுகிறீர்கள், அறிவேன். சுருக்கமானது, ஓசையும் நன்று. என் தயக்கம் அதன் எதிர்ச்சொல்லில்தான் தொடங்குகிறது. மேலாண்மை வகுப்பில் எதிர்ச்சொல்லுக்கே வேலை அதிகம். கெட்டுப்போன தொழில்களைத்தான் நாம் வழக்காய்வாக (கேஸ் ஸ்டடி) எடுத்துப் படிக்கிறோம். பேண்தகாத என்றால் பேணுவதற்குத் தகுதியற்றது என்று காதில் விழுகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்க்கும் ஆலையைச் சொல்ல வந்தால், அந்த நீரே பேணத் தகாதது என்பதுபோல ஆகிவிடுகிறது. வளங்குன்றும் உற்பத்தி, வளங்குன்றாத உற்பத்தி என்றால் இரு பக்கமும் பளிச்சென்று நிற்கிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் எடுத்துக் காட்டிய 'நிலைபேறு' இதைவிட வலுவான போட்டி. இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி என்பது அரசு ஆவணங்களில் வேரூன்றிய தொடர். அங்கே அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் நிறுவனம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, நிலைபேறு என்றதும் அந்த நிறுவனம் நிலைத்திருப்பதுதான் முதலில் தோன்றும். ஆற்றைக் கொன்றுவிட்டும் ஐம்பது வருடம் நிலைத்த நிறுவனங்கள் உண்டு. எதன் நிலைபேறு என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

> வளம் என்றால் இயற்கை வளம் மட்டும்தானே? தொழிலாளர் நலம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்கவைத்தது. பிரிட்டிஷ் தொழில் ஆலோசகர் ஜான் எல்கிங்டன் 1994-ல் நிறுவனத்தின் பொறுப்பை மக்கள், புவி, லாபம் என்று மூன்று கணக்காகப் பிரித்தார். 2018-ல் அவரே, நிறுவனங்கள் அதை வெறும் கணக்குக் கருவியாக்கிவிட்டன, திரும்பப் பெற்று மறுபடி சிந்திக்க வேண்டும் என்று எழுதினார். அந்த மூன்றுக்கும் நம் மொழியில் வளம் என்ற சொல் ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது: மனிதவளம், இயற்கை வளம், நிதிவளம். மனிதவளத் துறை இல்லாத கம்பெனி எது? பதினான்கு மணி நேரம் வேலை வாங்கி முப்பத்தைந்து வயதில் கைவிரல் நடுங்கும் நிலைக்குத் தையல்காரரைக் கொண்டுவந்தால், அதுவும் வளம் குன்றியதுதான். திருப்பூர்த் தொழிலாளர் காட்டிய உப்பும் இதில் அடங்கும். குவிந்தது உப்பு, குன்றப்போவது அதைத் தாங்கும் நிலம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய அறிக்கையைப் பாருங்கள். எடுத்த நீர் எவ்வளவு, எரித்த ஆற்றல் எவ்வளவு, வெளியேற்றிய கழிவு எவ்வளவு என்று எல்லாம் அளவுதான். குன்றியதா இல்லையா என்பதை அளக்க முடியும். 'வளங்குன்றாமை அறிக்கை' என்றால் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தலைப்பே சொல்லிவிடும்.

நிதித்துறை நண்பருக்கு ஒரு வார்த்தை. சஸ்டெயினபிள் குரோத் ரேட் என்பதை இதோடு சேர்க்காதீர்கள். பங்குதாரர் முதல் 100 ரூபாய், நிகர லாபம் 15 ரூபாய், அதில் 6 ரூபாய் பங்காதாயமாகப் போய் 9 ரூபாய் உள்ளே தங்கினால், புதுப் பங்கு வெளியிடாமலும் கடன் விகிதத்தைக் கூட்டாமலும் 9 சதவீதம் வளரலாம் என்பது அதன் பொருள். அது 'தாங்கு வளர்ச்சி வீதம்'. உத்தி வகுப்பில் வரும் சஸ்டெயினபிள் அட்வான்டேஜ் 'நீடிக்கும் போட்டி மேன்மை'. ஆங்கிலம் மூன்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது. நாம் பிரித்து வைப்பதில் நட்டமில்லை.

ஒட்டும்போது ஒற்று கவனம்: வளங்குன்றாக் கொள்முதல், வளங்குன்றாச் சுற்றுலா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆதலால் வல்லினம் மிகும்.

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். மூழ்கல், அமிழ்வு இரண்டையும் விட்டுவிடலாம். வணிகத்தில் மூழ்கிய முதல் என்றால் போன முதல். உலகக் கல்விச் சுற்றுலா என்றால் பெற்றோர் பணம் கட்ட யோசிப்பார்கள், அது நியாயமும்கூட. அமெரிக்காவின் யேல் மேலாண்மைப் பள்ளி முன்னின்று 2012-ல் தொடங்கிய மேலாண்மைக் கல்லூரிகளின் வலையமைப்பில் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் இருக்கிறது. அங்கே மாணவர்கள் ஒரு வாரம் வேறொரு நாட்டுக் கல்லூரியில் அமர்ந்து, ஒரே பொருளைப் பல நாட்டாரோடு சேர்ந்து படிக்கிறார்கள், தொழிலிடங்களைப் பார்க்கிறார்கள். சுற்றிப் பார்ப்பது அதில் சிறு பகுதி.

நான் 'களத்தோய்வு' என்று எழுதி வைத்திருந்தேன். கல்வி கேள்விகளில் தோய்ந்தவர் என்கிறோம். பால் தோய்ந்தால் தயிர். அது மறுபடி பாலாகாது. போய்வந்த மாணவனும் அப்படி மாறிவர வேண்டும் என்பதுதானே நோக்கம்? யாழ்ப்பாணத்தில் தோய்வது தலைமுழுகிக் குளிப்பது என்று நண்பர் எழுதியிருந்தார். அதனால் கேடில்லை, முழுவதும் நனைவது என்ற பொருள் இன்னும் வலுக்கிறது.

ஆனால் நேற்று ஒரு அம்மையார் எழுதிய ஒற்றை வரி என்னைத் திருத்திவிட்டது: ஓர் எழுத்து பிசகினால் தோய்வு தொய்வாகிவிடும். 'கல்வியில் தொய்வு' என்று கையேட்டில் அச்சாகிவிட்டால் கல்லூரியின் மானம் போகும். சரியான எச்சரிக்கை, நன்றி அம்மா. ஆகவே 'தோய்கல்வி' என்று மாற்றிக்கொள்கிறேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. எழுத்துப் பிழையாகத் தொய்கல்வி என்று வந்தாலும், அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இல்லாததால் பிழை என்று உடனே தெரியும். வெளிநாட்டுக்குப் போனால் அயல்நாட்டுத் தோய்கல்வி, உள்ளூரில் என்றால் களத் தோய்கல்வி.

இந்த இரு சொற்களும் வரும் கையேட்டு வரியை இவ்வாறு அமைக்கலாம்: "வளங்குன்றாமையை எல்லாப் பாடங்களிலும் பயிலலாம், அயல்நாட்டுத் தோய்கல்விக்கும் வாய்ப்புண்டு." மூலத்தில் உள்ள ஏழெட்டு அடைமொழிகளைக் கழித்திருக்கிறேன். கல்லூரி கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு சொல் பாக்கி. திருப்பூர் முறைக்குச் செய்தித்தாள்கள் 'பூஜ்ய நிலை சுத்திகரிப்பு' என்று எழுதுகின்றன. சுத்திகரிப்பே பூஜ்யம் என்று பொருள் தரும் இந்தத் தொடரை வழக்காய்வில் அப்படியே விட எனக்கு மனமில்லை. 'கழிவுநீர் வெளிவிடா முறை' சரி, ஆனால் நீளம். அங்கே பட்டறைகளில் வேலை செய்வோர் தங்களுக்குள் என்ன சொல்கிறார்கள் என்று திருப்பூர் நண்பர்கள் யாராவது விசாரித்து எழுதினால், கையேடு அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
கோவையிலிருந்து