ஐடஹோவில் ஃபார்மசிஸ்ட்டே மருந்து எழுதினார், டெக்சஸில் ஏன் முடியாது என்கிறார்கள்?

டல்லாஸ்வாசி:

வணக்கம். ஐந்து வருடம் ஐடஹோ மாநிலத்தின் போய்சியில் இருந்துவிட்டு, வேலை மாறி மூன்று மாதத்துக்கு முன்பு டெக்சஸில் டல்லாஸ் பக்கம் வந்தோம். போன சனிக்கிழமை ராத்திரி மனைவிக்கு நீர்க்கடுப்பு. அடிக்கடி வருகிற தொந்தரவுதான், அதனால் என்ன மருந்து வேண்டும் என்று அவளுக்கே தெரியும்.

முன்பு போய்சியில் இதே மாதிரி வந்தபோது பக்கத்து மருந்துக்கடைக்குப் போனோம். அங்கிருந்த ஃபார்மசிஸ்ட் அம்மா ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். காய்ச்சல் உண்டா, விலாப்பக்கம் வலி உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, சர்க்கரை உண்டா, கடைசியாக எப்போது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேள்வி. பதினைந்து நிமிடம் பேசிவிட்டு அவரே மருந்து எழுதி, அவரே டப்பாவில் போட்டுக் கொடுத்தார். டாக்டர் என்று யாரையும் நாங்கள் பார்க்கவில்லை.

அந்த நம்பிக்கையில் இங்கேயும் கடை மூடுகிற நேரத்தில் ஓடினேன். "சாரி, டெக்சஸில் நான் எழுத முடியாது" என்று ஒரே வரி. சரி என்று ஞாயிறு காலை ஓர் அர்ஜென்ட் கேருக்கு (முன்பதிவில்லாமல் போகிற கிளினிக்) போய் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, அதே மாத்திரை, அதே ஐந்து நாள், சிறுநீரில் குச்சியை முக்கிப் பார்த்ததோடு சரி. பில் 212 டாலர்.

ஒரே நாடு, ஒரே படிப்பு, ஒரே மாத்திரை. சட்டமே இப்படியா, அல்லது அவருக்குத்தான் கடை மூடுகிற அவசரமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கவுன்ட்டர்க்காரன்:

அவசரமும் இருந்திருக்கும், ஆனால் அவர் சொன்னது உண்மை. நான் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபார்மசிஸ்ட், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

எந்த மருந்து சீட்டோடு விற்கலாம், எது சீட்டில்லாமல் விற்கலாம் என்பதை மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்லும். அந்தச் சீட்டை யார் எழுதலாம் என்பது மாநிலத்தின் கையில். லைசென்ஸ் கொடுப்பது மாநிலம், ஃபார்மசி சட்டம் மாநிலத்துடையது, விதிகளைப் போடுவது மாநில ஃபார்மசி போர்டு. ஆகவே ஐடஹோ எல்லையைத் தாண்டினால் அதே ஆளுக்கு வேறு அதிகாரம்.

ஐடஹோ 2017-இல் சட்டம் போட்டது. அடுத்த வருடம் போர்டு ஒரு பட்டியல் கொடுத்தது. பேன், உதட்டில் வரும் சூட்டுக்கொப்புளம், பயணத்தில் வாந்தி வராமலிருக்க மருந்து, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று. கடையிலேயே சோதித்துப் பார்த்து ஃப்ளூவுக்கும் ஸ்ட்ரெப் என்கிற பாக்டீரியா தொண்டைத் தொற்றுக்கும் மருந்து. சர்க்கரை நோயாளி ஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடாமல் இருந்தால் அதையும் தொடங்கலாம். பிறகு "பட்டியலே எதற்கு, படிப்புக்கும் பயிற்சிக்கும் உட்பட்டதைச் செய்யட்டும்" என்ற பக்கம் போய்விட்டார்கள். காரணம் எளிது. தலைக்கு இத்தனை டாக்டர் என்று கணக்கெடுத்தால் நாட்டிலேயே கடைசி வரிசையில் நிற்கிற மாநிலம் அது. மலைக்கு நடுவே சின்ன ஊர், டாக்டர் எழுபது எண்பது மைல் தள்ளி, ஆனால் மருந்துக்கடை ஒன்று இருக்கும்.

டெக்சஸில் ஃபார்மசிஸ்ட் தடுப்பூசி போடலாம், மாத்திரை தீர்ந்து டாக்டர் கிடைக்காவிட்டால் 72 மணி நேரத்துக்கு அவசரமாகக் கொடுக்கலாம், டாக்டர் கையெழுத்திட்ட நெறிமுறை இருந்தால் அதற்குள் நின்று மருந்தளவைக் கூட்டிக் குறைக்கலாம். நேராக வந்து நிற்பவருக்குத் தானே ஆன்டிபயாட்டிக் எழுதுவது அதில் வராது. எழுதியிருந்தால் லைசென்ஸ் போயிருக்கும், அவரைத் திட்டாதீர்கள்.

எங்கள் வாஷிங்டன் 1979-லேயே டாக்டரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஃபார்மசிஸ்ட் மருந்து எழுத வழி செய்தது. நாட்டிலேயே முதல் மாநிலம் என்று கல்லூரியில் பெருமையாகச் சொல்வார்கள். ஓரிகான் 2016 முதல் கர்ப்பத்தடை மாத்திரையை ஃபார்மசிஸ்ட் எழுத விட்டது, கலிஃபோர்னியாவும் அதே வருடம். இப்படி ஒவ்வொரு மாநிலமும் ஒரு திசையில்.

இனி யாரும் பேசாத பக்கம். சட்டம் "செய்யலாம்" என்கிறது. யார் காசு கொடுப்பது? முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில், டாக்டர் செலவைப் பார்க்கிற பார்ட் பி-யின் கண்ணில் ஃபார்மசிஸ்ட் ஒரு மருத்துவச் சேவையாளரே இல்லை. நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுகிற நர்ஸ் பிராக்டிஷனர் உண்டு, ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் உண்டு, நாங்கள் கிடையாது. ஊசி போட்டால் காசு வரும். அரை மணி நேரம் உட்கார்ந்து பெரியவரின் பன்னிரண்டு மாத்திரையையும் சரிபார்த்து இரண்டை நிறுத்தச் சொன்னால், அந்த அரை மணிக்கு பில் போட இடமில்லை. எங்கள் மாநிலம் 2015-இல் சட்டம் போட்டு, தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஃபார்மசிஸ்ட்டையும் தாங்கள் காசு கொடுக்கிற சேவையாளர் பட்டியலுக்குள் சேர்க்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலும் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனியாக ஆள் வேண்டும், சின்னக் கடைக்கு அது முடிகிற காரியமா?

நேற்று மாலை ஐந்தே முக்காலை மட்டும் சொல்கிறேன். டிரைவ்-த்ரூவில் நாலு கார். போனில் மூன்று லைன் சிவப்பாக மினுங்குகிறது. ஒரே ஒரு டெக்னீஷியன், அவளும் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். தடுப்பூசிக்கு இரண்டு பேர் நாற்காலியில் சட்டைக்கையை மடித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான் தட்டில் மாத்திரையை ஐந்தைந்தாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், முப்பத்தைந்திலோ நாற்பதிலோ எண்ணிக்கை தப்பிவிட்டது, திரும்ப ஒன்றிலிருந்து. அப்போது ஒருவர் வந்து "எனக்குத் தொண்டை வலிக்கிறது, இங்கேயே டெஸ்ட் எடுத்து மருந்து கொடுப்பீர்களாமே" என்கிறார். கொடுப்பேன், எங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறது. எப்போது என்பதுதான் கேள்வி. 2023 செப்டம்பரில் கான்சஸ் சிட்டியில் ஒரு பெரிய சங்கிலிக் கடையின் ஃபார்மசிஸ்ட்டுகள் வேலைக்கு வராமல் நின்றார்களே, ஆள் பற்றாக்குறைதான் அங்கே முதல் குறை.

அதனால் யாராவது "அதிகாரத்தை விரிவாக்குகிறோம்" என்று மசோதா கொண்டுவந்தால் நான் முதலில் தேடுவது, கூடுதல் ஆளுக்கும் அந்த நேரத்துக்கும் அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று. பெரும்பாலும் இருக்காது.

(ஊரில் பி.ஃபார்ம் படிக்கிற தம்பிகள் இங்கே வர வழி கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புகிறார்கள். 2003-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களுக்கு ஐந்து வருடப் படிப்பு வேண்டும், நாலு வருட பி.ஃபார்ம் மட்டும் வைத்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வை எழுத முடியாது. நான் அந்தக் கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நுழைந்தவன்.)

மிச்சிகன்டாக்டர்:

குடும்ப மருத்துவர் நான். கவுன்ட்டர்க்காரன் சொன்னதில் முக்கால்வாசிக்குத் தலையாட்டுவேன். டாக்டர் சங்கங்கள் இதை எதிர்ப்பது வருமானத்துக்காக மட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மறைப்பானேன்.

ஆனாலும் இரண்டு இடத்தில் எனக்கு இடிக்கிறது. ஒன்று, எழுதுகிறவரும் விற்கிறவரும் ஒருவரே என்பது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டில்லாமல், அதுவும் "ரெண்டு வேளைக்கு மட்டும் கொடுங்கண்ணே" என்று வெட்டி வாங்கிப் பழகிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். 2014-இலிருந்து ஷெட்யூல் ஹெச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று அங்கே விதியும் இருக்கிறது, கடையில் எத்தனை பேர் எழுதி வைக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஐடஹோ அப்படி இல்லை, அங்கே கேள்வித்தாள் இருக்கிறது, மறுத்து அனுப்புகிற கடமை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு கார் நிற்கிற நேரத்தில் மறுத்து அனுப்ப எவ்வளவு பொறுமை வேண்டும்!

இரண்டு, அந்தக் கடையில் என்ன கொடுத்தார்கள் என்பது என் கம்ப்யூட்டருக்கு வருவதில்லை. போன மாதம் ஓர் அம்மா வந்தார், "ஆன்டிபயாட்டிக் எதுவும் சாப்பிடவில்லை" என்றார். பிறகு கைப்பையைக் கவிழ்த்தால் இரண்டு காலி டப்பா.

டல்லாஸ்வாசி, உங்களிடம் ஒரு கேள்வி. "அடிக்கடி வருகிற தொந்தரவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்கடி என்றால் எத்தனை? ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது வருடத்தில் மூன்று என்றால் அது கடையிலேயே முடிகிற கணக்கில் வராது, சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பி எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க வேண்டும். குச்சியை முக்கியதோடு விட்டார்கள் என்றால் அந்த 212 டாலருக்கு அரைவேலைதான் நடந்திருக்கிறது.

ஸ்காபரோ_அக்கா:

அமெரிக்காக் கதையை வாசித்து எங்கட கனடாப் பக்கத்தையும் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்ராறியோவில் 2023 ஜனவரியில் இருந்து பாமசிஸ்ட் 13 சின்னச் சின்ன வருத்தங்களுக்கு மருந்து எழுதலாம், அந்த வருடம் ஒக்டோபரில் அதை 19 ஆக்கினார்கள். கண்ணோய், பூச்சிக்கடி, மூலம், நெஞ்செரிவு, கர்ப்பகால வாந்தி எல்லாம் அதுக்குள்ள. பார்க்கிறதுக்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை, மாகாணம் பாமசிக்கு ஒரு தொகை கொடுக்கும், நேரில போனால் 19 டொலர். மருந்துக் காசு மட்டும் எங்கட பாடு. கவுன்ட்டர்க்காரன் தம்பி சொல்கிற "யார் காசு தருவது" என்ற பிரச்சினை இங்க கொஞ்சமாவது தீர்ந்திருக்கு. குடும்ப டொக்டருக்கும் பாமசிஸ்ட் அறிவிக்க வேண்டும் என்பது விதி.

என்ர மகளுக்குக் கண் சிவந்து பீளை ஒட்டினபோது பள்ளிக்கூடம் விட்ட கையோடு கூட்டிக்கொண்டு போனேன். தமிழ்ப் பாமசிஸ்ட் பிள்ளை ரோர்ச் அடித்துப் பார்த்தது, வெளிச்சம் கூசுதா, பார்வை மங்குதா, லென்ஸ் போடுகிறனியா என்று கேட்டது, சொட்டுமருந்து தந்தது. கெதியாக முடிந்தது. ஆனால் என்ர மாமிக்கு நீர்க்கடுப்பு என்று போனபோது "அன்ரி, உங்களுக்குச் சலரோகம் (சர்க்கரை வருத்தம்) இருக்கு, நான் எழுத மாட்டேன், டொக்டரிட்டப் போங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டுது. மாமிக்குச் சரியான கோபம். மேல டொக்டர் சொன்ன மாதிரித்தான், திரும்பத் திரும்ப வருகிற ஆட்களுக்கும் இங்க அந்தப் பாமசி வழி இல்லை.

கவுன்ட்டர்க்காரன்:

அக்கா, 19 டாலர் என்று கேட்கவே பொறாமையாக இருக்கிறது. டாக்டர் சார், பதிவு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். எனக்கும் அதே நிலைதான், உங்கள் கிட்னி ரிப்போர்ட் என் திரையில் தெரியாது. 2022 ஜூலையில் கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிட்டை நாங்களும் எழுதலாம் என்று எஃப்.டி.ஏ. சொன்னபோது, கிட்னி, கல்லீரல் விவரம் ஒரு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பாதிப் பேர் கையில் அந்தத் தாளே இல்லை. அவர்கள் டாக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டால் எட்டாவது ஆளாக ஹோல்டில் நிற்பேன்.

டல்லாஸ்வாசி, அடுத்த தடவை ராத்திரியில் மாட்டினால், டெக்சஸ் லைசென்ஸ் உள்ள டாக்டரோடு வீடியோவில் பேசலாம். உங்கள் இன்சூரன்ஸ் கார்டின் பின்பக்கம் அந்த எண் இருக்கும், அர்ஜென்ட் கேரைவிடப் பெரும்பாலும் மலிவு. காய்ச்சல், குளிர், விலா வலி, வாந்தி இருந்தால் மட்டும் வீடியோ வேண்டாம், நேரில் போங்கள்.

டல்லாஸ்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அந்த ஃபார்மசிஸ்ட் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

டாக்டர் கேட்டாரே என்று மனைவியிடம் கேட்டேன். போய்சியில் பிப்ரவரியில் ஒன்று, கிளம்புவதற்கு முன் மே மாதம் ஒன்று, இப்போது இது. மே மாதம் நான் ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தேனாம், வேறொரு கடையில் போய் வாங்கியிருக்கிறாள். அந்தக் கடையின் தாளிலும் "இதற்கு முன் எப்போது வந்தது" என்ற கேள்வி இருந்ததாம், "போன வருடம்" என்று எழுதினாளாம். ஏன் என்றேன். "உண்மையை எழுதினால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள் இல்லையா" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறோம். கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன். மாத்திரை இன்னும் இரண்டு நாளுக்கு இருக்கிறது, அதை முடித்த பிறகு எடுப்பதா, இப்போதே எடுப்பதா டாக்டர்?

மிச்சிகன்டாக்டர்:

மாத்திரை ஓடும்போது எடுத்தால் கிருமி வளராமல் போக வாய்ப்பு அதிகம். கொடுத்ததை முடிக்கட்டும், நடுவில் நிறுத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை அங்கே மூன்று தடவையையும் தேதியோடு சொல்லுங்கள், எப்போது கல்ச்சர் என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். இரண்டு கடையிலும் கொடுத்த மருந்தின் பெயரை எழுதி எடுத்துப் போங்கள், காலி டப்பா இருந்தால் டப்பாவையே.