மெடிசின் பேப்பருக்கு நாலு நோட்டு எழுதியாச்சு, கேஸ் கேள்வி வந்தா கை ஓடல: பிசிஷியன் அசிஸ்டென்ட் (பி.ஏ.) மூணாம் வருஷம், தருமபுரி

பாலக்கோடு_தக்காளி

வணக்கம். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் மூணாம் வருஷம். தேர்வுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு. ஒவ்வொரு நோய்க்கும் வரையறை, காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சைன்னு தலைப்பு போட்டு நாலு நோட்டு எழுதிட்டேன். "சிரோசிஸ் பற்றி விவரி"ன்னா ரெண்டு பக்கம் எழுதிடுவேன். ஆனா, "55 வயது ஆண், இரண்டு மணி நேரமாக நெஞ்சு வலி, வியர்வை, பி.பி. 90/60. அடுத்து என்ன?"ன்னு கேட்டா எந்த நோட்டுல ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

பாம்புக்கடி, பூச்சிமருந்து ரெண்டும் நம்ம பக்கம் கண்டிப்பா கேப்பாங்க. ஒவ்வொரு சீனியர் நோட்ஸ்லயும் ஒவ்வொரு டோஸ் இருக்கு. எது சரி?

பிராக்டிகல்ல எங்க மார்க் போகுது? அப்புறம் அமெரிக்காவுல பி.ஏ.க்கள் எழுதற "பான்ஸ்" தேர்வோட கேள்விகளைப் போட்டுப் பாக்கறது பிரயோஜனமா? அந்தத் தேர்வை நாமளும் எழுதலாமா?

தொப்பூர்_கணவாய்

தம்பி, நோட்டு தப்பில்லை, தலைகீழா இருக்கு. நோயோட பேர்ல ஆரம்பிச்சு அறிகுறிக்கு வர்றீங்க. வார்டுல யாரும் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றதில்லை, "நெஞ்சு அடைக்குது"ன்னுதான் வருவாங்க. அந்தத் திசையில திருப்பி எழுதணும்.

நீங்க சொன்ன ஆளையே எடுத்துக்குங்க. வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈ.சி.ஜி. லீட் 2, 3, ஏவிஎஃப்-ல எஸ்.டி. கோடு ஏறியிருந்தா மாரடைப்பு இதயத்தோட கீழ்ச்சுவர்ல. பி.பி. ஏன் குறைவுங்கறதுதான் கேள்வியோட முடிச்சு. நுரையீரல் சுத்தமா இருந்து கழுத்து நரம்பு புடைச்சிருந்தா வலது வென்ட்ரிக்கிளும் அடிபட்டிருக்கு. வலது பக்க லீட் போட்டு வி4ஆர் பாக்கணும். அங்க எஸ்.டி. ஏறியிருந்தா நாக்குக்கு அடியில நைட்ரேட் வைக்கவே கூடாது, இருக்கற பி.பி.யும் விழுந்துடும். நார்மல் சலைன் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, ஒவ்வொரு தடவையும் நுரையீரல் அடிப்பகுதியைக் கேட்டுக்கணும். பழக்கதோஷத்துல "சார்பிட்ரேட்"னு (அதுவும் நைட்ரேட்தான்) எழுதற ஒரே வரியில பாதிப் பேர் மார்க்கை விட்டுடறாங்க.

ஆஸ்பிரின் 300 மி.கி. மென்னு முழுங்கச் சொல்லணும், குளோபிடோக்ரெல் 300 மி.கி. அடுத்து கேத் லேப், அதாவது அடைப்பைப் பலூன் வெச்சுத் திறக்கற இடம். 120 நிமிஷத்துக்குள்ள பலூன் வைக்க முடியற இடத்துக்குப் போக முடியும்னா அனுப்பறது, முடியாதுன்னா இருக்கற இடத்துலயே கட்டியைக் கரைக்கற மருந்து. பி.பி. தேறாம ஷாக்குக்குப் போற ஆளுக்கு கேத் லேப்தான் முதல் விருப்பம்னு ஒரு வரி சேருங்க. ஸ்ட்ரெப்டோகைனேஸ்னா 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிஷம். வேகமா விட்டா பி.பி. இறங்கும். ஏற்கனவே ஒரு தடவை போட்டவங்களுக்கு மறுபடி போடறதில்லை, எதிர்ப்பொருள் உருவாகி இருக்கும். 60–90 நிமிஷத்துல ஈ.சி.ஜி. திரும்ப எடுத்து, எஸ்.டி. பாதிக்கு மேல இறங்குச்சான்னு பாக்கணும். பி.ஏ. எழுதற விடையில "டியூட்டி டாக்டருக்குத் தெரிவித்து, அவர் உத்தரவுப்படி"ங்கற வரி இருக்கணும். அது மரியாதைக்கு எழுதறதில்லை, நம்ம வேலையோட எல்லையே அதுதான்.

இந்த மாதிரி ஒரு புகாருக்கு அரைத்தாள் ஒரு அட்டை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், மஞ்சள் காமாலை, கால் வீக்கம், மயக்கம், வலிப்பு, ரத்த வாந்தி, ஒரு பக்கம் விழறது, தலைவலி, ரத்தசோகை, வயித்து வலி. பன்னிரண்டு போதும். ஒவ்வொண்ணுலயும் உயிருக்கு ஆபத்தானது மூணு, அடிக்கடி வர்றது ரெண்டு, ரெண்டையும் பிரிக்கற ஒரு கேள்வி, முதல் பரிசோதனை, கடைசியா எந்த எண்ணுல முடிவு மாறுதுங்கறது.

அந்த எண்தான் முக்கியம். சர்க்கரை கீட்டோஅசிடோசிஸ்ல பொட்டாசியம் 3.3-க்குக் கீழ இருந்தா இன்சுலினை நிறுத்தி வெச்சு முதல்ல பொட்டாசியம். ஏன்னா இன்சுலின் இருக்கற பொட்டாசியத்தையும் செல்லுக்குள்ள தள்ளிடும், இதயத் துடிப்பு தாறுமாறா போயிடும். பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கற மருந்து போட 4.5 மணி நேரம், பி.பி. 185/110-க்குக் கீழ. அதுக்கும் முன்னாடி விரல் நுனியில சர்க்கரை. சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் விழும்.

நிமோனியா எவ்வளவு கடுமைன்னு மார்க் போடற கர்ப்-65 எழுதறப்ப ஒரு குழி இருக்கு. யூரியா 7 மில்லிமோல்னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. நம்ம லேப் ரிப்போர்ட் மி.கி.யில வரும். பிளட் யூரியான்னா 42 மி.கி., பி.யூ.என்.னா சுமார் 20. ரெண்டும் ஒண்ணில்லை. யூரியாவை 2.14-ஆல வகுத்தா பி.யூ.என். எந்த லேப் எதைப் போட்டிருக்குன்னு பாக்காம மார்க் போட்டா, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆளை அட்மிட் பண்ணிடுவீங்க.

பத்து வாரத்துல முதல் ரெண்டு வாரம் இதயமும் நுரையீரலும் மட்டும். மூணாவது வயிறு, கல்லீரல். நாலாவது நரம்பு. அஞ்சாவது சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு. ஆறாவது காசநோய், டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். ஏழாவது விஷமும் ரத்தமும். அப்புறம் பழைய கேள்வித்தாளை கடிகாரம் வெச்சு எழுதுங்க. கடைசி வாரம் புதுசா ஒரு பக்கம்கூடத் திறக்காதீங்க.

காவேரிப்பட்டணம்_மாங்கா

பாம்புக்கடி டோஸ் குழப்பத்துக்குக் காரணம், பழைய நோட்ஸில் டெஸ்ட் டோஸ், லேசான கடி, கடுமையான கடி என்று பிரித்து எழுதியிருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். டெஸ்ட் டோஸ் கிடையாது. அது வரப்போகும் ஒவ்வாமையைக் காட்டிக் கொடுக்காது, நேரத்தைத்தான் தின்னும்.

விஷம் ஏறிய அடையாளம் இருந்தால் மட்டுமே விஷமுறிவு மருந்து. தொடக்கம் 10 வயல் (மருந்துக் குப்பி). ஒவ்வொரு வயலையும் 10 மி.லி. தண்ணீரில் கலக்கி (சுழற்ற வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும்), சலைனில் சேர்த்து ஒரு மணி நேரத்தில் விடுவது. குழந்தைக்கும் அதே 10 வயல்தான். பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. குறைவது சலைன் அளவு மட்டும். எடைக்கு ஏற்ப வயலைக் குறைத்து எழுதுவதுதான் நான் திருத்திய தாள்களில் அதிகம் கண்ட பிழை.

20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை ஷார்ட் நோட்ஸாகவே கேட்பார்கள். 2 மி.லி. புது ரத்தம், சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசையாமல், பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய கண்ணாடியிலோ நல்ல ரத்தமும் உறையாது. கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. இடையில் ஆட்டிப் பார்த்தாலும் கெட்டது. மருந்து கொடுத்து முடித்த பின் 6 மணி நேரம் கழித்துத்தான் மறுசோதனை, ஏனென்றால் கல்லீரல் உறைபொருள்களைத் திரும்பச் செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். அப்போதும் உறையவில்லை என்றால் மறு டோஸ்.

கேஸ் கேள்வியில் பாம்பின் பெயர் இருக்காது, தடயம்தான் இருக்கும். தரையில் படுத்தவர், விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குகிறது, கடித்த தடமே இல்லை என்றால் கட்டுவிரியன். கடிவாய் வீங்கிப் புண்ணாகி, இமையும் தொங்கினால் நல்ல பாம்பு. வீக்கம், ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு என்றால் கண்ணாடி விரியன். சுருட்டை விரியனிலும் ரத்தம் உறையாது, ஆனால் சிறுநீரகம் அவ்வளவாகக் கெடுவதில்லை. நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. தசையிலும், அதற்கு முன் அட்ரோபின் 0.6 மி.கி. சிரையிலும் (ஐ.வி.) கொடுத்துப் பார்ப்பது நல்ல பாம்புக்குப் பலன் தரும். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையே அழிப்பதால் அதில் பெரும்பாலும் பலனில்லை, மூச்சுக்கு வென்டிலேட்டர்தான் கைகொடுக்கும்.

மருந்து ஓடும்போது தடிப்பு, நடுக்கம், பி.பி. இறக்கம் வந்தால் டிரிப்பை நிறுத்தி, அட்ரினலின் 0.5 மி.கி. தொடையின் வெளிப்பக்கத் தசையில். தோலுக்கடியில் என்று எழுதாதீர்கள். அடங்கிய பின் மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும். "ஒவ்வாமை வந்ததால் மருந்து நிறுத்தப்பட்டது" என்று விடையை முடித்தால் நோயாளியையும் முடித்துவிட்டீர்கள்.

பாலக்கோடு_தக்காளி

ரொம்ப நன்றி சார். பூச்சிமருந்துக்கு "கண்மணி விரியும் வரை அட்ரோபின்"னு நோட்ஸ்ல இருக்கு. அப்படியே எழுதலாமா?

காவேரிப்பட்டணம்_மாங்கா

வேண்டாம். ஐந்து இலக்கு எழுதுங்கள்: நுரையீரலில் கரகரப்பு அடங்க வேண்டும், நாடி 80-க்கு மேல், மேல் பி.பி. 80-க்கு மேல், அக்குள் காய வேண்டும், கண்மணி ஊசிமுனையாக இருக்கக் கூடாது. கண்மணி கடைசியில்தான் மாறும். கண்ணில் மருந்து தெறித்திருந்தால் அது மாறவே நேரமாகும். அதை மட்டும் நம்பி ஊற்றினால் அட்ரோபின் மிகுந்து, காய்ச்சல், பிதற்றல், வயிற்றில் சத்தமின்மை, சிறுநீர் அடைப்பு என்று வேறு தொல்லை.

நம்மிடம் ஆம்பியூல் 0.6 மி.கி. முதலில் 3 ஆம்பியூல், 1.8 மி.கி. 5 நிமிடத்தில் இலக்கு வரவில்லை என்றால் இரட்டிப்பு: 3.6, பிறகு 7.2. இங்கே அடங்கினால் மொத்தம் 12.6 மி.கி., 21 ஆம்பியூல். அதில் 10 முதல் 20 சதவீதம் மணிக்கு, அதாவது 2 முதல் 4 ஆம்பியூல் ஓட வேண்டும். இந்தக் கணக்கை விடைத்தாளில் போட்டுக் காட்டுங்கள். பிராலிடாக்சிம் 30 மி.கி./கிலோ முதல் டோஸ், பின் மணிக்கு 8 மி.கி./கிலோ. பலன் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். 24–96 மணி நேரத்தில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் இடைநிலை நோய்க்குறி. அதற்கு அட்ரோபின் உதவாது.

மஞ்சள் அரளி விதையைத் தனியாகப் படியுங்கள். அது டிஜாக்சின் என்ற இதய மருந்து மாதிரி வேலை செய்யும். நாடி குறையும், இதய அடைப்பு வரும், பொட்டாசியம் ஏறும். சிகிச்சை: மருந்துக் கரி, அட்ரோபின், தற்காலிக பேஸ்மேக்கர். வாந்தி நின்றதும் நன்றாகிவிட்டார் என்று மானிட்டரைக் கழற்றக் கூடாது.

அஞ்செட்டி_மழை

பிராக்டிகல் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். ஸ்டெத், டார்ச், ஹாமர், இஞ்ச் டேப், 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க், பஞ்சு, இதெல்லாம் உங்க பையிலயே இருக்கணும். மார்க் போறது கண்டுபிடிக்காம விட்டதுல இல்ல, சொல்ற வரிசையிலதான்.

ப்ளூரல் எஃப்யூஷன்னா (நுரையீரலைச் சுத்தி நீர்) முதல்ல மூச்சுக்குழாய். நீர் நிறைய இருந்தா எதிர்ப்பக்கம் தள்ளும், சுருங்கின நுரையீரல்னா தன் பக்கம் இழுக்கும். ரெண்டுலயும் தட்டினா மந்தமாத்தான் கேக்கும், மூச்சுக்குழாய்தான் பிரிச்சுக் காட்டும். கல்லீரல் "ரெண்டு விரல் தட்டுது"ன்னு சொன்னா உடனே "மேல் எல்லை எங்கே?"ன்னு கேப்பாங்க. எம்ஃபைசிமால நல்ல கல்லீரலே கீழ இறங்கி இருக்கும். மேல் எல்லையைத் தட்டிப் பாத்து, மொத்த அளவை செ.மீ.ல சொல்லுங்க. வயித்து நீருக்குப் புரட்டிப் படுக்க வெச்சா அரை நிமிஷமாவது காத்திருந்து தட்டுங்க, உடனே தட்டினா நீர் நகர்ந்திருக்காது.

இன்னொண்ணு, ஃப்ளூரோசிஸ். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனாலதான், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வெளியூர்க்காரரா இருந்தாலும் கேப்பார். குடிநீர்ல ஃப்ளூரைடு 1 மி.கி./லிட்டர் வரை இருக்கலாம், வேற வழி இல்லேன்னா 1.5. பல்லுல குறுக்குக் கோடா பழுப்பு, முதுகு விறைப்பு, முன்கை எக்ஸ்ரேல ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற சவ்வு சுண்ணாம்பாகி இருக்கும். இந்த முன்கை எக்ஸ்ரேயை விட்டுட்டா முதுகு விறைப்பை அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு சொல்லிடுவீங்க.

பான்ஸ் தேர்வு: 300 கேள்வி, 60 கேள்வி 60 நிமிஷமா அஞ்சு பகுதி. அமெரிக்காவுல அங்கீகாரம் பெற்ற பி.ஏ. படிப்பு முடிச்சவங்கதான் எழுத முடியும், நம்ம பி.எஸ்சி. வெச்சு எழுத முடியாது. ஆனா கேள்வியெல்லாம் "அடுத்து என்ன"ங்கற வகைதான், அதனால பயிற்சிக்கு நல்லது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அதிக இடம் இருக்கும். அசிட்டமினோஃபென்னா பாராசிட்டமால், ஆல்பியூட்டரால்னா சால்பியூட்டமால், எபினெஃப்ரின்னா அட்ரினலின். அங்க மார்பு எக்ஸ்ரேல நெறிக்கட்டி வீங்கியிருந்தா சார்காய்டோசிஸ்னு டிக் அடிப்பாங்க, இங்க காசநோய் சந்தேகம்தான், முதல்ல சளிப் பரிசோதனை. பாம்புப் பகுதியைத் தொடவே வேண்டாம், அவங்க பாம்பு வேற, மருந்து வேற.

பாலக்கோடு_தக்காளி

முதல் அட்டை போட்டுப் பாத்தேன், திருத்துங்க.

மூச்சுத் திணறல். ஆபத்து: நுரையீரல் நீர்கோப்பு, டென்ஷன் நியூமோதோராக்ஸ், பல்மனரி எம்பாலிசம். அடிக்கடி: ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. பிரிக்கற கேள்வி: படுத்தா அதிகமாகுதா? முதல் பரிசோதனை: ஆக்சிஜன் அளவு, எக்ஸ்ரே. எண்: 94-க்குக் கீழ போனா எல்லாருக்கும் மாஸ்க்ல 10 லிட்டர் ஆக்சிஜன்.

தொப்பூர்_கணவாய்

ரெண்டு இடம். டென்ஷன் நியூமோதோராக்ஸுக்கு எக்ஸ்ரேக்கு அனுப்பக் கூடாது தம்பி, கையால கண்டுபிடிச்சு உடனே ஊசி போட்டுக் காத்தை இறக்கணும். எக்ஸ்ரே ரூம்ல போயிடும் உயிர்.

"எல்லாருக்கும்"ங்கறதை அடிச்சிடுங்க. பீடி குடிச்ச பழைய சி.ஓ.பி.டி. ஆளுக்கு இலக்கு 88–92. வென்ச்சுரி மாஸ்க் 24 இல்லேன்னா 28 சதவீதம். 10 லிட்டர் விட்டா கார்பன் டை ஆக்சைடு ஏறித் தூங்கிப் போவார். கை நடுக்கம், கண் சிவப்பு, தூக்கக் கலக்கம் தெரிஞ்சா ஆர்ட்டீரியல் பிளட் கேஸ். இதைத் திருத்திட்டு அடுத்த அட்டை காய்ச்சல் போடுங்க, பாக்கறேன்.