அயர்லாந்து விளையாட்டு வர்ணனையாளர் மைக்கேல் ஓஹேர் குரலை நீங்க முதல்ல எங்க கேட்டீங்க?

டப்ளின்ல நர்ஸா இருக்கேன். எங்க வார்டுல எண்பது தாண்டின தாத்தா ஒருத்தர், ராத்திரி தூக்கம் வரலேன்னா குதிரைப் பேரா அடுக்குவார், காய்ச்சல்ல பேசறார்னுதான் நினைச்சேன். அவர் மக வந்து சொன்னாங்க, அது 1967 கிராண்ட் நேஷனல்ல, அதாவது தடுப்பு தாண்டி ஓடற பெரிய குதிரை ரேஸ்ல, ஓஹேர் குடுத்த கமெண்ட்ரி, அப்பாவுக்கு மனப்பாடம்னு. வீட்டுக்கு வந்து யூடியூப்ல போட்டேன், உடம்பு சிலிர்த்துடுச்சுங்க. 23வது தடுப்புல, ஜாக்கி இல்லாம ஓடிட்டிருந்த குதிரை ஒண்ணு குறுக்க பாய, பின்னாடி வந்ததெல்லாம் முட்டி மோதி அப்படியே நின்னு போச்சு, அந்தக் களேபரத்துலயும் மனுஷன் யார் யார் மாட்டிக்கிட்டாங்கன்னு பேர் பேரா சொல்றார், ரொம்ப பின்னாடி வந்த ஃபொய்னவன் மட்டும் சந்துல புகுந்து தாண்டிப் போறதையும் கரெக்டா சொல்லிட்டார். ஒரு பவுண்டு கட்டினா 100 கிடைக்கற குதிரை, யாருமே நம்பாதது, அதுதான் ஜெயிச்சுது.

*

அக்கா, லிவர்பூல்லேர்ந்து எழுதறேன். அந்த ரேஸ் நடக்கற எய்ன்ட்ரீ மைதானம் போனப்போ அந்தத் தடுப்பு கிட்டயே நின்னு பாத்தேன், இப்போ அதுக்குப் பேரே ஃபொய்னவன்தான். அன்னிக்கு ரேஸுக்கு முன்னாடி ஓஹேர் ஜாக்கிங்க ரூமுக்குப் போயிருக்கார், ஒருத்தர் போட்டிருந்த கறுப்பு சட்டை, சிவப்பு மஞ்சள் பட்டை, எந்தக் குதிரைன்னு பிடிபடல, விடாம கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாராம். அந்த ஒரு கேள்வி இல்லேன்னா அந்த நொடியில பேர் வந்திருக்குமா சொல்லுங்க. ஞாபகசக்தின்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கென்னவோ உழைப்புதான் தெரியுது.

*

நான் அயர்லாந்துல கேவன் கவுண்டில குடியிருக்கேன். இங்க அவரை ரேஸுக்காக யாரும் பேச மாட்டாங்க, அயர்லாந்தோட சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்பால்தான். 18 வயசுல, 1938லயே ரேடியோவுக்கு வந்துட்டார். 1947 ஆல்-அயர்லாந்து ஃபைனல் நியூயார்க்ல நடந்தது, கேவனும் கெர்ரி கவுண்டியும், மேட்ச் லேட்டா ஆரம்பிச்சதால அயர்லாந்துக்கு ஒலிபரப்ப லைன் புக் பண்ண நேரம் முடியப் போகுது, இன்னும் அஞ்சு நிமிஷம் குடுங்கன்னு கமெண்ட்ரியிலயே கெஞ்சறார், லைன் கட்டாகல, கேவன் ஜெயிச்சதை ஊரே கேட்டுச்சு. எங்க ஹவுஸ் ஓனரம்மா அப்போ சின்னப் பொண்ணு, இன்னிக்கும் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். 99 ஃபைனல் பேசினவர், 1985ல பக்கவாதம் வந்து நூறாவது பேச முடியாமலே போச்சு, அதை நினைச்சா மனசு ஆறல.

*

நேத்து நைட் டியூட்டில தாத்தாவுக்கு என் போன்லயே போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிட்டுக் கேட்டார், 23வது தடுப்பு வந்ததும் ஒவ்வொரு பேரையும் ஓஹேருக்கு முன்னாடி அவர் சொல்லிட்டார்.