திருச்செந்தூர் போகிற வழியில் உதவியவருக்கு எப்படி நன்றி சொல்வது?

குடியாத்தத்து அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் சின்னவளுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனோம். நான், வீட்டுக்காரர், அத்தை, 6 வயதுப் பையன், 3 வயதுப் பெண். வேலூரில் 38-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை என்று தூத்துக்குடி வரை ஒரே சாலைதான், ஆனாலும் மொத்தம் 600 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் சின்னவள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டாள். தொழுதூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை கண்ணில் பட்டதும் நிறுத்திவிட்டோம்.

கடையில் இருந்த அம்மாவுக்கு எங்கள் அத்தை வயது இருக்கும். நாங்கள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அவராகவே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குடத்துத் தண்ணீரில் கழுவி, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததைக்கூட முந்தானையால் துடைத்துவிட்டு, உள்ளே போய்ப் பேரனுடைய சட்டை ஒன்றை எடுத்து வந்து போட்டுவிட்டார். நீலக் கட்டம் போட்ட சட்டை, இவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. அப்புறம் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, ஆற்றி, டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். பணம் நீட்டியதும், "பச்சப்புள்ளைக்குச் செஞ்சதுக்குக் காசு வாங்குவாங்களா" என்று என் கையைத் தள்ளிவிட்டார்.

"பாட்டிக்குத் தேங்க்ஸ் சொல்லுடா" என்றதும் பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். அதுதான் உறுத்துகிறது. அவனைச் சொல்லி என்ன, நானும் அவசரத்தில் "ரொம்ப நன்றிம்மா" என்று வண்டி ஏறிவிட்டேன், பெயர்கூடக் கேட்கவில்லை. திரும்பும்போது இரவு 11 மணி, கடை சாத்தியிருந்தது. சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்படி வழியில் உதவுகிறவர்களுக்கு நீங்கள் எல்லாம் எப்படி நன்றி காட்டுகிறீர்கள்? பிள்ளைகள் மனசில் அது பதிய என்ன செய்கிறீர்கள்?

ராணிப்பேட்டை டிரைவர்:
சகோதரி, 22 வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். பணம் வாங்காதவர்களிடம் பணத்தைத் திணிக்காதீர்கள், அவர்களுக்கு முகம் சுருங்கிப் போகும். அந்தக் கடையிலேயே உட்கார்ந்து டீ சாப்பிடுங்கள், பிஸ்கட் பாக்கெட் நாலு வாங்குங்கள், காசைப் பையன் கையால் கொடுக்க வையுங்கள். முன்பெல்லாம் டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கிப் பணம் கொடுத்துச் சீட்டு வாங்குவோம், பின்னால் இருக்கிற பிள்ளைகள் நான்தான் கொடுப்பேன் என்று சண்டை போடும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆன பிறகு கண்ணாடியே இறங்குவதில்லை. வெயிலில் நிற்கிற ஒரு மனுஷனைப் பார்க்காமலே பிள்ளைகள் மதுரை வரை போய்விடுகிறார்கள். அதனால் பெட்ரோல் பங்கில் நான் கண்ணாடியை இறக்கச் சொல்லுவேன். ஒரு தடவை ஒரு சின்னப் பெண் பங்கில் நின்ற பையனிடம் "அண்ணா, நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுகிறவர் உங்கள் வீட்டுக்காரராகவே இருந்தாலும், 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அவரைக் கொஞ்சம் காலை நீட்ட விடுங்கள். திரும்பும்போது இரவு 11 மணிக்குத் தொழுதூரில் என்றால் வேலூர் சேர விடியற்காலை ஆகிவிடும். அப்படி ஓட்ட விடாதீர்கள்.

ஆற்காட்டு டீச்சர்:
அம்மாடி, நான் பேரன் பேத்தி எடுத்தவள், அதனால் கேட்கிறேன். பின் சீட்டில் அந்த வாந்தியை எல்லாம் மடியில் ஏந்தியது யார்? உன் அத்தையாகத்தான் இருக்கும். அவருக்கு அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா? குறையாகச் சொல்லவில்லை, என் வீட்டிலும் நான் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் என் மருமகள் ஒரு முறை திருப்பதி போய் வந்த இரவு, பிள்ளைகள் பார்க்க என் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். மறுநாள் காலையில் பேரன் தைல பாட்டிலோடு வந்து நிற்கிறான். அதை இன்றைக்கும் நினைத்தால் கண் கலங்குகிறது.

அடுத்த தடவை கிளம்பும்போது எங்கள் ஊர் மக்கன் பேடா இரண்டு பெட்டி கூடுதலாக எடுத்துக்கொள். காசை மறுப்பவர்கள் ஊர்ப் பலகாரத்தை மறுக்கமாட்டார்கள்.

வாணியம்பாடி அப்பா:
அக்கா, பையனை நினைத்து ரொம்ப வருத்தப்படாதீர்கள். பசியும் களைப்புமாக இருக்கிற 6 வயதுப் பிள்ளையிடம் அந்த நேரத்தில் நன்றியை எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் போனை மட்டும் காரில் எடுத்து வைத்துவிடுங்கள். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உள்காது உடம்பு அசைகிறது என்கிறது, இந்த முரண்பாட்டில்தான் குமட்டலே வருகிறது. 2 வயதிலிருந்து 12 வயது வரை இது அதிகம். சின்னவளும் அண்ணன் போனைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள். வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லி கொடுத்து, முன்னால் சாலையைப் பார்க்கப் பழக்குங்கள். வெளியே பார்த்தால்தான் மனுஷர்களும் கண்ணில் படுவார்கள்.

நாங்கள் ராத்திரி படுக்கும்போது "இன்னைக்கு நமக்கு யார் யார் உதவினாங்க?" என்று கேட்போம். பள்ளிகொண்டா பக்கம் பஞ்சர் ஒட்டிக் கொடுத்த பெரியவரை என் மகள் நோட்டில் வரைந்தாள், விரல் பத்துக்கும் கறுப்பு அடித்திருந்தாள். கிரீஸ் அப்பியிருந்த அந்தக் கையை நான் கவனிக்கவே இல்லை, அவள் கவனித்திருக்கிறாள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். டியூப் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.

குடியாத்தத்து அம்மா:
டீச்சரம்மா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு நேராக அத்தையிடம்தான் போனேன். ஆமாம், அவர் மடிதான். "அதுக்கென்ன இப்போ" என்றார், ஆனால் கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை.

காலாண்டு விடுமுறையில் மதுரை வரை போகிற வேலை இருக்கிறது. சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்துவிட்டேன். யாருக்கு என்று பையன் கேட்டான், சொன்னேன். சாயந்திரம் பார்த்தால் சட்டைப் பையில் அவனுடைய சிவப்பு கார் பொம்மை இருக்கிறது. அந்தப் பேரனுக்காம். டிரைவர் அண்ணா, காலை 4 மணிக்குக் காட்பாடி ரோட்டில் கிளம்பினால் தொழுதூர் எத்தனை மணிக்குப் போகலாம்?

ராணிப்பேட்டை டிரைவர்:
வேலூரிலிருந்தே 230 கிலோமீட்டர் பக்கம் வரும். திருவண்ணாமலையில் ஒரு டீ, விழுப்புரம் தாண்டி ஒரு நிறுத்தம் என்று வைத்தாலும் 10 மணிக்குள் போய்விடலாம். டிபன் அந்தம்மா கடையிலேயே சாப்பிடுங்கள். இந்தத் தடவை பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.