மயிலாடி சபை: பிஷப் எப்போது வந்தார்?

கேள்வி: என் பாட்டி கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி சபையில் வளர்ந்தவர். "நாங்க எல்.எம்.எஸ். காரங்க" என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். ஆனால் சபை இப்போது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தானே?

பதில்: பாட்டி சொல்வது சரிதான். எல்.எம்.எஸ். என்பது லண்டன் மிஷனரி சங்கம், 1795இல் தொடங்கியது. அதில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்ற காங்கிரிகேஷனல் பிரிவினர். பிஷப் கிடையாது, சபையார் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். மயிலாடிக்கு 1806இல் அச்சங்கத்தின் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார், 1809இல் ஆலயம் எழுந்தது. அவரை அழைத்தது அவ்வூரைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் என்பவர். ஊர்க்காரரே தேடிப்போய்க் கூப்பிட்ட சபை இது, அதை மறக்கவே கூடாது!

இன்னொருவர்: அப்புறம் இந்த எல்.எம்.எஸ். சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன, 1947இல் சி.எஸ்.ஐ.யில் இணைந்தன. பிஷப் வந்தது 1947இல்தான்.

கேட்டவர்: நன்றி. பாட்டிக்கு இன்றே வாசித்துக் காட்டுகிறேன்.