ரைடு சிம்பல் வந்ததும் ஆடியோ வெடிக்குது, லேப்டாப் மாத்தணுமா?

கோத்தகிரி_தம்பட்டை
வணக்கம்ங்க. படுகப் பாட்டு ஒன்னுக்கு ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல டிரம்ஸ் போடுறேன். 6/8, நிமிஷத்துக்கு 100 பீட். சரணம் சுத்தமா ஓடுது. பல்லவியில ரைடு, கிராஷ்னு ரெண்டு சிம்பலும் (டிரம் செட்டோட உலோகத் தகடு) சேர்ந்ததும் பட்பட்னு வெடிப்பு. எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் ஹார்டுடிஸ்க், விண்டோஸ் 10. 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் (ஒரு தடவையில கணக்குப் போடுற ஒலித் துளிகள்) 128. டாஸ்க் மேனேஜர் பார்த்தா சிபியு 35% தான். அப்புறம் ஏன் வெடிக்குது?

குன்னூர்_மிக்ஸ்
லேப்டாப்பை மாத்த வேண்டாம். அந்த 35% எல்லா கோருக்கும் சேர்த்த சராசரி. ஒரே ட்ராக்ல இருக்கிற சாம்ப்ளர் (பதிஞ்சு வச்ச டிரம் ஒலிகளை, அதாவது சாம்பிள்களை, ஒலிக்க வைக்கிற மென்பொருள்) பெரும்பாலும் ஒரே கோர்லதான் ஓடும். 8 த்ரெட்ல (சிபியு ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை) ஒன்னு முழுசா நிரம்பினாலும் அங்க 12.5% தான் கூடும். ஆனா 128-ஐ 48,000-ஆல வகுத்தா 2.67 மில்லிசெகண்ட். அந்த நேரத்துக்குள்ள ஒரு தடவை கணக்கு முடியலைன்னாலும் காதுல கேக்கும்.

ரைடை மட்டும் எடுத்துக்குங்க. ஒவ்வொரு பீட்டுலயும் மூணு தட்டு, அதாவது செகண்டுக்கு 5. ஒரு தட்டோட கார்வை 8 செகண்ட் நின்னா ஒரே நேரத்துல 40 தட்டு ஒலிச்சிட்டிருக்கும். சாம்பிளைப் பதிஞ்சப்ப வச்ச கிட்ட மைக், ஓவர்ஹெட் (மேல தொங்குறது), ரூம், தூர ரூம், ஸ்னேர் டிரம் மைக்ல கசியறதுன்னு 5 மைக் இருந்தா 200 வாய்ஸ், அதாவது ஒரே நேரத்துல ஓடுற 200 சாம்பிள். கிராஷ் இன்னும் சேரவே இல்ல!

அதனால ரைடுக்கு 6 தட்டுக்கு மேல ஒலிக்காத மாதிரி வாய்ஸ் லிமிட் வைங்க. நீங்க காண்டாக்ட் சாம்ப்ளர் வச்சிருந்தா வாய்ஸ் குரூப்ல பழசை முதல்ல கொல்லச் சொல்லி, ஃபேட் டைம் (மெல்ல மங்குற நேரம்) 100 மில்லிசெகண்டுக்குக் குறையாம கொடுங்க. குறைச்சா கார்வை கத்திரியால வெட்டின மாதிரி தெரியும். கிராஷுக்கு இதைச் செய்யாதீங்க, அதோட வாலுதான் அழகே. தூர ரூமையும் கசிவு மைக்கையும் எடுத்துடுங்க. ஃபேடரை (சத்த அளவுக் கட்டை) இறக்கினா மட்டும் போதாது, பல சாம்ப்ளர்ல சத்தம் வராட்டியும் வாய்ஸ் ஓடிட்டேதான் இருக்கும். மைக்கையே ஆஃப் பண்ணணும்.

இன்னொன்னு, டிரம் ட்ராக்ல ரெக்கார்ட் ஆர்ம் (பதிவுக்குத் தயார்) பட்டன் எரிஞ்சா அணைச்சுடுங்க. ஆர்ம்ல இல்லாத ட்ராக்கை ரீப்பர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்சுக்கும், ஆர்ம்ல இருந்தா அது நடக்காது. வாசிச்சுப் பதியும்போதுதான் 128. மிக்ஸ்ல 1024 வைங்க, 21 மில்லிசெகண்ட் கிடைக்கும்.

உதகை_ரிதம்
அண்ணா சொன்னது சரி. ஆனா டிஸ்க்கை விட்டுட்டார். 5400 ஆர்பிஎம்னா ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். 200 வாய்ஸ் டிஸ்க்ல வெவ்வேற இடத்துல இருந்து ஸ்ட்ரீம் ஆகணும்னா ஊசி ஓடியே ஓயும். காண்டாக்ட் மேல சிபியு, டிஸ்க்னு ரெண்டு மீட்டர் இருக்கு. வெடிக்கிற நேரத்துல எது ஏறுதுன்னு பாருங்க. டிஸ்க்னா லைப்ரரியை எஸ்எஸ்டிக்கு மாத்துங்க, அதுதான் உண்மையான மருந்து. ப்ரீலோட் பஃபரை (சாம்பிளோட தொடக்கத்தை ரேம்ல வச்சுக்கிற அளவு) ஏத்தலாம், ஆனா 8 ஜிபியில ரேம் சீக்கிரம் நிரம்பிடும்.

ரேமை மிச்சம் பிடிக்க பர்ஜ் (வேண்டாத சாம்பிளை ரேம்ல இருந்து கழட்டுற) மெனுவுல ரீசெட் மார்க்கர்ஸ் கொடுத்து, பாட்டை முழுசா ஓட்டிட்டு, அப்டேட் சாம்பிள் பூல் அழுத்துங்க. வாசிச்ச சாம்பிள் மட்டும் நிக்கும். ஒரு தடவை மட்டும் ஓட்டினா ரவுண்ட் ராபின்ல (ஒரே தட்டுக்கு மாறி மாறி வர்ற சாம்பிள்கள்) வராத தட்டுகள் கழண்டுபோய், அடுத்த முறை நடுவுல ஒரு ஸ்னேர் காணாமப் போகலாம். மூணு நாலு தடவை ஓட்டுங்க.

மழைக்காலத்துல நம்ம பக்கம் கரண்ட் போறது சகஜம். பேட்டரியில ஓடுறப்ப விண்டோஸ் கோர் வேகத்தை இறக்கிடும். பவர் பிளான்ல ஹை பெர்ஃபார்மன்ஸ் வைங்க. குளிருதுன்னு லேப்டாப்பை கம்பளி மேல வைக்காதீங்க. வெளியே 10 டிகிரி இருந்தாலும் அடியில காத்து அடைச்சா சூடேறி வேகம் குறையும்.

கோத்தகிரி_தம்பட்டை
ஆர்ம் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சுங்க. அணைச்சு, ரைடுக்கு 6 தட்டு, 3 மைக்னு வச்சதும் 128-லயே வெடிப்பு நின்னுடுச்சு. இன்னும் தம்பட்டை லேயர் 4 சேர்க்கணும். டிரம்ஸை ஃப்ரீஸ் பண்ணிடலாமா (ஆடியோவா மாத்தி வச்சுடலாமா)?

குன்னூர்_மிக்ஸ்
பண்ணுங்க, ஆனா மல்டிசேனலா. ஸ்டீரியோவா ஃப்ரீஸ் பண்ணினா கிக், ஸ்னேர், ஓவர்ஹெட் எல்லாம் ஒன்னாக் கலந்துடும், அப்புறம் ஸ்னேரை மட்டும் ஏத்த முடியாது. சாம்ப்ளர்ல ஒவ்வொன்னுக்கும் தனி அவுட்புட் கொடுத்துட்டு ஃப்ரீஸ் பண்ணுங்க. டிரம் கிட்டுக்குள்ள கன்வல்யூஷன் ரிவெர்ப் (நிஜ அறையோட எதிரொலி எஃபெக்ட்) இருந்தா முதல்ல அதை அணைச்சுட்டு, சென்ட்ல (பல ட்ராக் பகிர்ற வழி) ஒரே ரிவெர்ப் போடுங்க, தம்பட்டையும் அதே ரூம்ல கேக்கும். கடைசி கிராஷுக்கு அப்புறம் 10 செகண்ட் காலி இடம் விடுங்க, இல்லைன்னா வாலு அறுந்துடும். வெலாசிட்டி (தட்டோட பலம்) மாத்தணும்னா அன்ஃப்ரீஸ் பண்ணினாப் போதும், மிடி (தட்டுகளோட குறிப்பு) அப்படியே திரும்பி வரும்.